தினமும் புத்தாண்டு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய கம்ப்யூட்டரை ஏற்றிப்போக வண்டி வரும் என்று மேலாளர் அம்மா சொல்லிவிட்டார். அதற்குள் அதில் ஓடிய புரோகிராம் புது கம்ப்யூட்டரில் ஓட வேண்டும். ஓடாவிட்டால் இத்தனை வருஷமாகக் கிரேன் கயிறுகளை அளந்து சேர்த்த பதிவுகள் குப்பைதான்.

எங்கள் வேலை இரும்புக் கயிறு பார்ப்பது. கிரேன் கயிற்றின் மேல் ஒரு சென்சார் வளையத்தை ஓட்டுவோம். உள்ளே இழை அறுந்திருக்கிறதா, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அது அலை அலையாகக் கோடு போடும். அந்தக் கோட்டைப் படித்து விடை சொல்வது புரோகிராம். இன்றைக்கு ஒருநாள் அளந்தால் ஒன்றும் தெரியாது. போன வருஷம் எப்படி, அதற்கு முன்னால் எப்படி என்று சேர்த்துப் பார்த்தால்தான் கயிறு என்ன வேகத்தில் சாகிறது என்று தெரியும். மூன்றாம் கிரேனுக்குக் கீழே நின்று கொக்கி மாட்டுகிறவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். அதே சரக்கு முற்றத்தில்தான் என் அப்பா மூட்டை தூக்கினார். மேலே தொங்குவது கீழே வந்தால் என்ன ஆகும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

புரோகிராமை எழுதியவனை நாங்கள் கட்டை என்போம். இங்கே என்னோடு வேலை பார்த்துவிட்டு வங்கி ஒன்றுக்குப் போனவன். கூப்பிட்டதும் லீவு போட்டு வந்திருந்தான். இஸ்திரி கலையாத சட்டை.

"என்ன கட்ட, தொப்பை மட்டும் வளந்திருக்கு. ஆளு வளரவே இல்லையே?" என்றேன்.

"நீ இன்னும் அதே நாற்காலிலதான் உக்காந்திருக்கியா, கொக்கு? கீழ வேர் விட்டிருக்கும், பாத்து எந்திரி."

புது கம்ப்யூட்டரில் எல்லாமே புதுசு. கட்டை எழுதிய காலத்து மொழி இதற்குக் கிழட்டு மொழி. புரோகிராமுக்குத் துணையாகப் போட வேண்டிய கணக்குத் தொகுப்புகளில் ஒன்றை ஏற்றினால் இன்னொன்று கழன்றுகொண்டது. பழையதை உள்ளே விட்டால் ஏற்கெனவே இருந்த புதுசு செத்தது. திரை முழுக்கச் சிவப்பெழுத்து.

"ஒரே வீட்டுல மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகாதுடா," என்றான் கட்டை. "பழசு எல்லாத்துக்கும் தனிக்குடித்தனம் வச்சுக் குடுத்துருவோம். அது சமையல் அதுக்கு, இது சமையல் இதுக்கு."

புது கம்ப்யூட்டருக்குள்ளேயே தனி அறைபோல ஓர் அடைப்பை உருவாக்கி, அதற்குள் பழைய மொழி, பழைய தொகுப்புகள் எல்லாவற்றையும் அந்தக் காலத்துப் பதிப்பிலேயே தேடி இறக்கினோம். பச்சைப் பட்டை மெல்ல நகர்ந்தது. நாங்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

முதன்முதலில் இதே அறையில் இந்தப் புரோகிராமைப் போட்டபோதும் இப்படித்தான் நின்றோம். அப்போது மூன்று பேர். கயிற்றில் சென்சாரை ஓட்டுவது அக்கா. எங்கள் இருவருக்கும் மூத்தவள். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பட்டை நகரும்போது விசைப்பலகையைத் தொட்டால் முதுகில் அடி விழும். சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "கர்ப்பிணிப் பொண்ணு மாதிரி இருக்குடா அது, பேசாம நில்லுங்க," என்பாள். பட்டை முடியப் போகிற நேரத்தில் மின்சாரம் போனது. அன்றைக்கு அக்கா பேசியதை எழுத்தில் போட முடியாது. கிரீஸ் நாற்றமும், அவள் டப்பாவில் இருந்து ஆளுக்கு ஒரு வாயும், ஒன்றுக்கும் உதவாத சிரிப்புமாக அந்த நாட்கள் போயின. அப்போது அது வெறும் வேலை என்றுதான் நினைத்தேன்.

இந்த முறை பட்டை முழுசாக முடிந்தது. மூன்றாம் கிரேனின் பழைய பதிவு ஒன்றைக் கொடுத்து ஓட்டினோம். அன்றைக்குத் தேய்மானம் நாலு சதவீதம் என்று வந்திருந்தது. புது கம்ப்யூட்டர் முப்பத்தொன்று என்றது.

"முப்பத்தொண்ணா? அப்படித் தேஞ்சிருந்தா அன்னைக்கே அறுந்து விழுந்திருக்குமே," என்றேன்.

கட்டை மறுபடி ஓட்டினான். முப்பத்தொன்று. தொகுப்புகளைக் கழற்றி மாட்டி மறுபடி ஓட்டினான். அதேதான். இஸ்திரிச் சட்டை அக்குளில் நனைந்துவிட்டது.

மேலாளர் அம்மா எட்டிப் பார்த்தார். "வரலன்னா விட்டுடுங்கப்பா. இன்னிலேர்ந்து புதுசா அளந்து ஆரம்பிங்க. வண்டி வந்துடும்."

"புதுசா ஆரம்பிச்சா நாலஞ்சு வருஷத்துக்குக் கண்ண மூடிக்கிட்டுதான் மேடம் கயிறு பாக்கணும்."

"அப்ப வர வைங்க," என்று போய்விட்டார். தப்பாகச் சொல்லவில்லை.

பழைய கம்ப்யூட்டர் இன்னமும் நாலு என்று சொல்கிறதா பார்ப்போம் என்று அதைப் போட்டேன். உறுமிக்கொண்டு எழுந்தது. திரையின் மூலையில் தேதி வந்தது. ஜனவரி ஒன்று.

கட்டை இடுப்பில் கை வைத்து, அக்காவின் குரலில், "புத்தாண்டு வாழ்த்துகள், முதலாளிகளே! ஸ்வீட் எங்க?" என்றான்.

நான் சிரித்து இருமிவிட்டேன். அந்தப் பெட்டிக்குள் தேதியைக் காப்பாற்றும் வட்ட பாட்டரி, பெட்டி வந்த கொஞ்ச நாளிலேயே செத்துப்போனது. தினமும் காலையில் அது ஒரே பழைய வருஷத்து ஜனவரி ஒன்றில்தான் கண் விழிக்கும். மாற்ற யாருக்கும் உடம்பு வளையவில்லை. தினமும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு, பதிவில் அளந்த தேதியைக் கையால் அடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினோம்.

கட்டை சிரிப்பதைப் பாதியில் நிறுத்தினான்.

"டேய் கொக்கு. தேதிடா."

"என்ன தேதி?"

"சென்சார் நாளாக நாளாகத் தள்ளாடி அளவக் கொறச்சுக் காட்டும்னு நான் ஒரு திருத்தம் எழுதினேன்ல? கம்பெனில சரிபாத்து அனுப்பின நாள்லேர்ந்து எத்தன நாள் ஆச்சோ அதுக்கேத்த மாதிரி ஏத்திக் குடுக்கும். அளந்த தேதியப் பாக்காம கம்ப்யூட்டர் தேதியப் பாக்குற மாதிரி எழுதித் தொலைச்சிருக்கேன். இந்தக் கிழத்துக்கு எப்பவும் சென்சார் பொறக்கறதுக்கு முந்தின ஜனவரி. அதனால அந்த வரி ஒரு நாளும் ஓடவே இல்ல. புதுசுக்கு நிஜத் தேதி தெரியுது. இத்தன வருஷத்தையும் சேத்து ஏத்துது."

"அப்ப திருத்தம் இல்லாத நாலு சரியா? திருத்தம் வேணுமா?"

அதைச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான். தினமும் காலையில் நல்ல கயிற்றுத் துண்டு ஒன்றில் சென்சாரை ஓட்டிப் பார்த்து, கையால் திருகிச் சரிசெய்துவிட்டுத்தான் அக்கா கிரேனில் ஏறுவாள். அதை ஒழுங்காகச் செய்திருந்தால் தள்ளாட்டம் அன்றன்றைக்கே போயிருக்கும், திருத்தம் தேவையில்லை. அவள் ஓய்வுபெற்று மகள் வீட்டில் இருக்கிறாள்; அதற்குப் பிறகு சென்சாரை ஓட்டும் நான் ஒரு நாளும் அதை விட்டதில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, தினமும் காலைல மாதிரித் துண்டுல ஓட்டுவியே, ஒரு நாளாவது விட்டிருக்கியா?"

"யாருடா இது, கொக்கா? வருஷம் கழிச்சுப் போன் பண்ணி நல்லா இருக்கியான்னு கேக்காம, விட்டியான்னு கேக்குற?"

"அக்கா, நான் கட்டை. முக்கியமா வேணும்கா."

"நீயும் இருக்கியா? ரெண்டு தடியனும் நல்லாக் கேட்டுக்குங்க. காய்ச்சல்ல வந்தப்பகூட விட்டதில்ல. ஒங்க புரோகிராம நம்பியா நான் கயித்துக்குக் கீழ ஆள நிறுத்துவேன்?"

கட்டை முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த ஒரு வரியை நீக்கினான். ஓட்டினோம். நாலு.

எல்லாப் பதிவுகளையும் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி வந்தது. பழைய கம்ப்யூட்டரை நானே தூக்கிப்போய் ஏற்றினேன். அப்பா மூட்டைக்குக் கொடுப்பதுபோல முதுகைக் கொடுத்து. அவ்வளவு கனம் இல்லை.

திரும்பி வந்தபோது மூன்றாம் கிரேனின் கோடு திரையில் இருந்தது. பல வருஷம் மெல்ல ஏறிய தேய்மானம் கடைசி இரண்டு அளவில் விறுவிறுவென்று ஏறியிருந்தது. தனியாகப் பார்த்தால் அந்தக் கடைசி எண் பிழையில்லாத எண்தான். வரிசையில் வைத்தால்தான் கயிறு சாகிற வேகம் தெரிந்தது. மேலாளர் அம்மா அதைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். கிரேன் நின்றது.

சாயங்காலம் மச்சான் எங்கள் வீட்டிலிருந்து போனில் கூப்பிட்டார்.

"மாப்ள, நல்லா ஓடிக்கிட்டிருந்த கயித்த எறக்கச் சொல்லிட்டீங்களாமே? நாளைக்கு நான் வீட்டுல ஒக்காந்து ஈ ஓட்டவா?"

"புத்தாண்டு வாழ்த்துகள், மச்சான்," என்றேன்.

"என்னது? இப்ப எங்க வந்துச்சு புத்தாண்டு? தங்கச்சி, இங்க வாம்மா, இந்தாளுக்குக் கழண்டுக்கிச்சு!"

பக்கத்தில் கட்டை நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தான்.