திடலுக்குப் போகிற வரப்பு

பக்கிரிக்கு இந்த வயசில் இரண்டு எதிரிகள். ஒன்று மிராசுதார் இளையபெருமாள். இன்னொன்று அவருடைய சொந்த மூத்திரப்பை. மிராசுதாராவது ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டுத் தொல்லை கொடுப்பார். பைக்கு அந்த மரியாதைகூடத் தெரியாது.

உதயசூரியன் ஆட்சியில், குத்தகைக்கு உழுகிறவன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. அப்பன் காலத்திலிருந்து உழுத நிலமாயிற்றே என்று பக்கிரி மனுப் போட்டார். இளையபெருமாளோ, தானே இறங்கிச் சாகுபடி செய்வதாகப் பூதலூர் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டார். நிஜம் எது என்று பார்க்க அதிகாரி வயலுக்கே வருவதாகச் சேதி. பெயர் ஏறாவிட்டால் அடுத்த போகத்துக்குப் பக்கிரி அந்த வரப்பில் கால்வைக்க முடியாது.

அமிர்தம் புருஷனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: ஆபீசர் கேட்கும்போது ஒன்றுக்கு ஓடினால் நிலம் போச்சு, காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் கூடாது. பக்கிரியும் நாக்கு வறண்டு, வெயிலில் தலை சுற்ற நின்றார். பாழாய்ப்போன பை அதற்கும் எரிந்ததே தவிர அடங்கவில்லை.

அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கினார். மடிப்புக் கலையாத வேட்டியில் இளையபெருமாள், விதை என்ன, நடவு எப்போது என்று கணக்குப்பிள்ளை சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தார். அதிகாரி தன் பக்கம் திரும்பியதுதான் தாமதம், பக்கிரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார்.

வயலிலோ வாய்க்காலிலோ அங்கே யாரும் ஒதுங்க மாட்டார்கள். நடுவிலிருக்கும் மேட்டுத் திடல்தான் எல்லோருக்கும். தண்ணீர் கட்டியிருந்ததில் வரப்பு பாதி மூழ்கிக் கிடந்தது. மடை வெட்டிய இடத்தைப் பக்கிரியின் கால்கள் தாமாகவே தாண்டின. போன மாசம் விழுந்து எழுந்தபிறகு, பிடித்துக்கொள்ளத் திடலில் ஒரு மூங்கில் நட்டிருந்தார். அதைப் பிடித்து நின்றபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பாழும் பையால் அப்பன் உழுத நிலம் போகிறதே.

பின்னால் தொப்பென்று சத்தம் கேட்டது.

இளையபெருமாளுக்கும் அதே வயசு, அதே வியாதி. பக்கிரி ஓடியதைப் பார்த்ததும் அவருக்கும் முட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மடை இருப்பது தெரியாமல் கால்வைத்து, முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏய் பக்கிரி, இந்த வயல்ல எங்கடா ஒதுங்குறது? வழியக் காட்டித் தொலை." அதிகாரி நின்ற இடம்வரை கேட்கிற கூச்சல்.

பக்கிரி வந்து கைகொடுத்துத் திடலில் ஏற்றினார். மூங்கிலையும் விட்டுக்கொடுத்தார். "பிடிச்சுக்குங்க ஐயா. விழுந்தா இடுப்பு போயிடும்."

இரண்டு கிழவர்களும் திரும்பி வந்தபோது அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்களே எறங்கி சாகுபடி பண்ற வயல்தானே? ஒதுங்குற எடம் இவரக் கேட்டாத்தான் தெரியுமா?"

அதிகாரி பக்கிரியிடம் அப்பா பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பக்கிரி செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். இனி ராத்திரியெல்லாம் ஓட வேண்டுமே என்று அமிர்தம் அலுத்துக்கொண்டாள்.

"ஓடிட்டுப் போறேன் புள்ள. இன்னிக்கு ஓடலைன்னா நிலம் போயிருக்கும்" என்று செம்பை மறுபடி நீட்டினார்.