எதை என்று கேட்கிற கடை

எங்கள் தையல் கடையில் ஒரு சட்டம் உண்டு. வேலை சொல்கிறவர் பொருளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், செய்கிறவர் வேலையிலிருந்து கையை எடுத்துவிட்டு "எதை?" என்று கத்த வேண்டும். மிஷின் சத்தத்தில் மெல்லக் கேட்டால் யார் காதிலும் விழாது. சட்டம் வரக் காரணம் என் வீட்டுக்காரர்தான். ஒருநாள் "வெட்டுங்க" என்றேன். நான் சொன்னது மேஜை மேல் கிடந்த லைனிங் துணியை. அந்த மகானுபாவர் வெட்டியது மறுநாள் கல்யாணம் வைத்திருந்த ஒரு மாப்பிள்ளையின் பேண்ட்டை. முழங்காலோடு. அந்தப் பையனின் மாமா வந்து எங்களை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுப் போனார்.

என் தங்கையும் இந்தச் சட்டத்துக்குள்தான் வளர்ந்தாள். எங்களிடம் வாயாடி. வெளியாள் ஒருவர் வாசலில் நின்றால் போதும், ஊமைக்கோட்டான். டாக்டரிடம் அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்வதுகூட நான்தான். இந்த லட்சணத்தில் ஆசிரியப் படிப்பு, அதிலும் நல்ல மார்க். வேலை கேட்டுப் போன பள்ளியிலெல்லாம் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். இவள் சிலையாக நிற்பாள். அனுப்பிவிடுவார்கள்.

"இந்தத் தடவையும் இல்லன்னா கடையிலயே காஜா போட உக்காந்துடறேங்கா" என்றாள். அவள் போடும் காஜாவில் பட்டன் நுழையாது.

இந்தத் தடவை கொடுத்த பாடம் செயப்படுபொருள் குன்றா வினை. அதாவது, செய்கிற காரியம் எதன் மேலாவது, யார் மேலாவது போய் விழ வேண்டும். விழுகிற அந்த ஆளோ பொருளோதான் செயப்படுபொருள்.

அவளைக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் பாட்டிலோடு வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். உள்ளே கடைசி பெஞ்சில் தலைமையாசிரியையும் இன்னும் இரண்டு பேரும். தங்கை தலைப்பை எழுதினாள். திரும்பினாள். மூன்று அந்நிய முகங்களைப் பார்த்தாள். போச்சு. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கிள்ள ஆரம்பித்தார்கள். எனக்கு ஜன்னல் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விடலாமா என்றிருந்தது.

கடைசியில் ஈனக் குரலில் ஒரு வார்த்தை வந்தது. "எடுத்தாள்."

அவ்வளவுதான். பிறகு ஒன்றும் இல்லை. என் வாய் சும்மா இருக்குமா?

"எதை?" என்றேன், நாலு மிஷின் ஓடும்போது கேட்கிற குரலில்.

"சாக்பீஸை" என்று அவளும் அதே குரலில் கத்தினாள், கடையில் இருக்கிற நினைப்பில்.

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. முன் பெஞ்சுச் சிறுமி எழுந்து, "கடிச்சான் டீச்சர்" என்றாள். மொத்த வகுப்பும் "எதை?" என்றது. "என் பென்சிலை." "இடிச்சா டீச்சர்." "யாரை?" "என்னை." பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் புகாராக அடுக்க, ஒவ்வொன்றிலும் செயப்படுபொருளைப் பிடித்துப் பலகையில் போட்டாள் என் தங்கை. பத்து வயது குறைந்தவள் போலத் துள்ளினேன் நான்.

"யாரு அது ஜன்னல்ல?" தலைமையாசிரியை எழுந்துவிட்டார். "வெளியில இருந்து சொல்லிக் குடுக்கக் கூடாது. அவங்கள அனுப்புங்க. வகுப்பு போதும்."

சனியனே, உன் வாயால் கெட்டாளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். பியூன் என் பக்கம் வந்துவிட்டார். நான் சமாதானம் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மேடம், அவங்க எங்கக்கா. சொல்லிக் குடுக்கல, அது பழக்கதோஷம். அவங்க அங்கயே நிக்கட்டும். பாதிப் பாடம்தான் ஆயிருக்கு. மீதிய நான் நடத்தணும்."

முன்பின் தெரியாத ஒருத்தரிடம், அதுவும் அதிகாரியிடம், நேருக்கு நேராக. தலைமையாசிரியை பியூனைப் போகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"குழந்தை தூங்கிச்சு" என்றாள் தங்கை. "எதை?" என்றது வகுப்பு. பதில் இல்லை. மறுபடி கேட்டுப் பார்த்தார்கள், இல்லை. "அப்போ அதுக்கு எதுவும் தேவையில்ல. தன் கையே தனக்குதவின்னு இருக்கிற வினை. அதுதான் குன்றிய வினை" என்றாள். கடைசி பெஞ்சில் ஒருவர் தலையாட்டினார்.

வெளியே வந்த தலைமையாசிரியை, "திங்கக்கிழமை வந்துடும்மா. அக்காவ மட்டும் வீட்ல விட்டுட்டு வா" என்றார்.

பஸ்ஸில் கண்டக்டர் "எங்க போகணும்?" என்றார். நான் வாயைத் திறந்தேன். அவள் இடத்தைச் சொல்லி, டிக்கெட் வாங்கி, வேலை கிடைத்ததையும் சொல்லிவிட்டாள். பக்கத்து சீட்டுப் பெண்ணுக்குப் பாடம் முழுவதும் மறுபடி நடந்தது. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கூடவே கண்ணில் நீர். இத்தனை வருஷம் அவளுக்கும் சேர்த்து நானே பேசியிருக்கிறேன்.

அவள் என் பக்கம் திரும்பி, "என்னக்கா, ஒண்ணும் பேச மாட்டேங்கற?" என்றாள்.