உமிக்கரி விழுந்த மண்

சாய்ந்தமருதுக்கு மேற்கே வயல் வட்டையில் ஒரு துண்டுக் காணி, புல்கூட முளைக்காத உவர். "நாய்க்கும் உதவாது" என்று சொல்லித்தான் காணிச் சொந்தக்காரர் ஸைனுலாப்தீன் போடியார் அதைக் குத்தகைக்கு முனாபின் தலையில் கட்டினார்.

முனாபின் மனைவி சரீபா பல் விளக்க உமிக்கரி சுடுவாள். மிச்சக் கரி கொட்டிய இடத்தில் கீரை கொழுத்து நின்றதை முனாப் கண்டான். அவ்வளவுதான், கல்முனை மில்லில் சும்மா கிடந்த உமியை வண்டி வண்டியாக இழுத்தான். ஓட்டை போட்ட தகரத்துக்குள் நெருப்பை மூட்டிச் சுற்றிலும் உமியைக் குவித்தான். குவியல் கறுத்து முடியும் நேரம் பார்த்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கொஞ்சம் அசந்தால் வெள்ளைச் சாம்பல். உவருக்கு அது இன்னும் கேடு. மூன்று வருஷம் கண்ணும் தொண்டையும் புகையில் வெந்தன. ஊரார் "கரி முனாப்" என்று பட்டம் வைத்துச் சிரித்தார்கள். நான்காம் வருஷம் பயிர் இடுப்பளவு நின்றது. சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டது.

அது ஐம்பத்தேழாம் ஆண்டு. குத்தகைக்காரனைக் காணியை விட்டு எழுப்ப முடியாதபடி சட்டம் வரப்போவதாகக் கதை அடிபட்டது. ஏழைக்கு நல்ல காலமாம்! சட்டம் வருமுன்னே போடியார் வந்துவிட்டார்.

"முனாப், வாற போகம் நானே செய்யப் போறன். காணிய விட்டிரு."

"நான் கரி போட்டு ஆக்கின மண்ணெல்லுவா போடியார்?"

"ஓம், கரி உன்டதான். அள்ளிக்கொண்டு போ. மண் என்ட."

கூட வந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள், படுபாவிகள்.

அதோடு விட்டாரா? மேற்குப் பக்கத்து உவர்த் துண்டையும் அதேபோல் ஆக்கித் தரச் சொன்னார், கூலிக்கு. முனாபுக்கு வயிறு பற்றி எரிந்தது. வீட்டு அடுப்பும் எரிய வேண்டுமே, போனான்.

குவியல் கறுத்து வந்தது. சோறு கொண்டுவந்த சரீபா பதறினாள்.

"இஞ்சாருங்க, தண்ணிய ஊத்துங்க! வெளுக்கப் போகுது!"

"வெளுக்கட்டும்."

"யா அல்லாஹ், உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு?"

நிறைகுடம் பக்கத்திலேயே இருந்தது. முனாப் தொடவில்லை. எல்லாம் வெளுத்து ஆறியபின் கூடை கூடையாக அள்ளி, போடியார் காட்டிய இடமெல்லாம் பரப்பினான். நெஞ்சு குளிர்ந்தது என்றுதான் நினைத்தான்.

பின்னேரம் கச்சான் காற்று கிளம்பியது. மேற்கிலிருந்து வந்த காற்று சாம்பலை வாரிக்கொண்டு போய், அவன் மூன்று வருஷம் கறுப்பாக்கிய மண்ணில் கொட்டியது. முனாப் ஓடினான். முழங்காலில் விழுந்து, இரண்டு கையாலும் சாம்பலை வழித்து வழித்து எறிந்தான்.

"விடுங்க. அது இப்ப நம்மட இல்லையே," என்றாள் சரீபா.

அவன் வழித்துக்கொண்டே இருந்தான்.