தென்னைக்காகக் கெஞ்சியவள்

காய்க்காத மரத்தை மிரட்டினால் காய்க்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கோடாலியை ஓங்க வேண்டும். இன்னொருவர் குறுக்கே விழுந்து, "விட்டுடுங்க, வர்ற வருஷம் காய்க்கும்" என்று மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும். ஓங்கியவர் முறைத்துக்கொண்டே இறக்கிவிடுவார். தண்ணீர் கேட்கிற மரத்துக்குப் பயத்தைக் கொடுக்கிற புத்திசாலிகள் நாங்கள்.

2003இல் ஆரணியைச் சுற்றி ஏரிகள் காய்ந்து, வாய்க்காலில் முறைவைத்து விடும் தண்ணீரும் நின்றுபோனது. பட்டு நெசவாளி தனசேகரனின் மனைவி உண்ணாமலைக்கு அவள் அப்பா கொடுத்த தென்னந்தோப்பு, குரும்பைகளைக் கொட்டத் தொடங்கியது. அவளுக்கு அந்தத் தோப்புதான் உயிர்.

"ஒரு தபா மிரட்டிப் பாக்கலாங்க" என்றாள்.

தறியில் ஊடை ஓட்டும் நாடாவைத் தவிர வேறெதையும் வீசியறியாத தனசேகரன், கோடாலியை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினான். பல்லைக் கடித்து, கண்ணை உருட்டி ஓங்கினான். உண்ணாமலையோ ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள்.

"இது வெக்கப்படற மரங்க. இதுக்கு ஒடம்பு சரியில்ல. அதோ அது, பக்கத்து மரம் பட்டுப்போனதுலேந்து சோறு தண்ணி இல்லாம அழுதுகினு கீது."

வேடிக்கை பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம் என்ன, தங்கள் மரங்களையும் மிரட்டித் தரச் சொல்லித் தெள்ளாரிலிருந்து ஆள் வந்தது. களம்பூர் அரிசி ஆலைக்காரர் வேனே அனுப்பினார். அவர் வீட்டு மரம் மட்டும் காய்த்தும்விட்டது. ஆலையில் நெல் ஊறவைத்த தண்ணீர் அதன் காலடியில்தான் ஓடுகிறது என்பதை யாரும் பார்க்கவில்லை. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் மாலை போட்டார்கள்.

ஊரார் மரங்களுக்காகக் கெஞ்சி உண்ணாமலைக்குத் தொண்டை கட்டியது. சொந்தத் தோப்பில் மட்டைகள் தொங்கி, நாலைந்து மரங்களின் கொண்டையே சாய்ந்தது. தனசேகரன் அவளுக்குத் தெரியாமல் செங்கல் சூளை பலராமனிடம் மரங்களை விறகுக்குப் பேசி முடித்தான். லாரி வந்து நின்றபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"மொத வெட்டு உங்க கையால உழட்டும்" என்றார் பலராமன்.

தனசேகரன் ஓங்கினான். உண்ணாமலை வரப்பில் உட்கார்ந்திருந்தாள். குறுக்கே விழவில்லை. கோடாலி மேலேயே நின்றது.

"கெஞ்சேன்டி, கை நோவுது" என்றான்.

"நெஜமா வெட்ட வந்தவங்ககிட்ட இன்னான்னு கெஞ்சறது? காய்க்கும் காய்க்கும்னு ஊரெல்லாம் பொய் சொல்லிட்டு வந்தேன். நாம யாராச்சும் ஒரு சொம்பு தண்ணி ஊத்துனமா?"

பலராமனுக்குப் பொறுமை போய்விட்டது. ஏதோ சடங்கு பாக்கி போலிருக்கிறது, முடித்துவிட்டால் வேலை நடக்கும் என்று நினைத்தார்.

"சரிப்பா, நானே சொல்றேன். விட்டுடுங்க, வர்ற வருஷம் காய்க்கும். போதுமா? ஜல்தி!"

கேட்ட மாத்திரத்தில், பழகிய கை, தானாக இறங்கிவிட்டது. தனசேகரன் கோடாலியைப் போட்டுவிட்டுப் பலராமனின் காலில் விழுந்தான்.

"ஒங்க சூளை போர்ல தண்ணி வருதில்ல? கல்லறுக்கற தண்ணில கொஞ்சம் இதுங்களுக்குக் குடுங்க சாமி!"

இத்தனை நேரம் கோடாலி ஓங்கியவன் திடீரென்று காலைக் கட்டிக்கொண்டால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். பலராமன் லாரியைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார்.

"எத்தினி கொடம் வேணும்?" என்றார்.

உண்ணாமலைக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை மரங்களை மிரட்டியவர்கள் ஒரு மரத்திடமும் எத்தனை குடம் வேண்டும் என்று கேட்டதில்லை.