பதினொன்றாம் எண் ஜெர்சியின் முதுகு

வெர்னா பிதிர்னியின் வீட்டு நிலவறையில் நாற்பத்தொரு ஐஸ் ஹாக்கி ஜெர்சிகள் இருந்தன. ஒன்றுகூடத் துவைத்தது கிடையாது. ஆட்டக்காரன் கழற்றிப் போட்ட அழுக்கு, வியர்வைக் கறை, மட்டை உரசிய கறுப்புக் கோடு எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ஒரு தையல்கூடப் பிரியக் கூடாது. ஆட்டத்தில் போட்ட ஜெர்சிகளைச் சேர்ப்பவர்களுக்கு அதுதான் வேதம். "மத்தவங்க பீங்கான் சேர்ப்பாங்க, இவ நாத்தத்தைச் சேர்க்கிறா" என்று அவள் வேலை பார்க்கும் தபால் அலுவலகத்திலேயே பேசிக்கொள்வார்கள். பேசட்டுமே, மோந்து பார்க்கச் சொல்லி அவள் யாரையும் கூப்பிடவில்லை.

அந்த மார்ச்சில் பைன் லேண்டிங் ஐஸ் அரங்கில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்தார்கள். முப்பது வருடத்துக்கு முன் ஊர் அணி கோப்பை வென்ற ஆட்டத்தில் ரஸ் டேபர் போட்டிருந்த பதினொன்றாம் எண் ஜெர்சி அதில் தொங்கப் போகிறது. ரஸ் இப்போது லாரி விற்கும் பெரிய மனிதர், பெட்டியும் அவர் உபயம். ஜெர்சி மட்டும் வெர்னாவுடையது, பத்து வருடத்துக்கு முன் ஒரு ஏலத்தில் எடுத்தது. தருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தாள்.

கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்ப்போம் என்று தலையணை உறையிலிருந்து எடுத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாள். முதுகில் டேபர் என்று எழுதிய துணிப்பட்டை. அதற்கு வெளியே இடப்பக்கம் இரண்டு எழுத்து, வலப்பக்கம் இரண்டு எழுத்து, வெறும் ஊசித் துளைகளாகத் தெரிந்தன. முன்பு வேறொரு நீளமான பெயரை நேரே துணியில் தைத்து, பிறகு பிரித்திருக்கிறார்கள். முழங்கையில் ஒரு கிழிசல். அதை மெழுகு பூசிய தடித்த நூலால் தைத்திருந்தார்கள். அது மான்தோல் செருப்புத் தைக்கும் நூல். ஆற்றுக்கு இக்கரையில் அந்த நூல் எந்த வீட்டிலும் கிடையாது.

அக்கரையில் க்ரீ பழங்குடி மக்களின் ஊர். மறுநாள் தபாலோடு ஜெர்சியையும் எடுத்துக்கொண்டு ஆம்ப்ரோஸ் பாலன்டைன் வீட்டுக்குப் போனாள். அவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவன், அவள் வயதுக்காரன், ஒரு காலத்தில் ஊர் அணியில் ஆடியவன்.

"இந்தத் தையல் யாரு போட்டது?"

ஆம்ப்ரோஸ் முழங்கையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். "எங்கம்மா. கை போனாலும் இந்தத் தையல் போகாதுடான்னு சொன்னா."

"கடைசி ஆட்டத்துல நீ இல்லையே?"

"ஆறு மணிக்கு பஸ்னாங்க. அஞ்சே முக்காலுக்கே போய் நின்னேன். பஸ் அஞ்சரைக்கே கிளம்பிருச்சு." அவன் சிரித்தான். "ஜெர்சி மட்டும் பஸ்ஸை விடல."

"ஏன் அப்படிப் பண்ணாங்க?"

"ஏன்னு உனக்குத் தெரியாதா, தபால்காரம்மா? பட்டணத்து ஓட்டல்ல என்னோட ஒரே மேஜைல உக்கார யாருக்கும் பிடிக்கல." காப்பியை அவள் பக்கம் தள்ளினான். "முப்பத்தாறு ஆட்டம் நான் போட்டது. அவன் போட்டது ஒண்ணு. போகுது விடு. வேர்வைக்குப் பேர் எழுதத் தெரியாது."

அவன் விட்டுவிட்டான். வெர்னாவுக்கு விட முடியவில்லை. பத்து வருடமாகத் தன் வீட்டில், தன் தலையணை உறைக்குள், ஒருவன் பெயர் மூடிக் கிடந்திருக்கிறது. வெட்கமும் கோபமும் சேர்ந்து அவளைப் பிடுங்கித் தின்றன.

நேரே லாரிக் கடைக்குப் போய் ஜெர்சியின் முதுகையும் முழங்கையையும் ரஸ்ஸிடம் காட்டினாள். ரஸ் அசரவில்லை. "ஜெயிச்ச அன்னிக்கு யாரு போட்டிருந்தாங்களோ அவங்க பேர்தான் நிக்கும். அந்த முழங்கை அன்னிக்குக் கிழிஞ்சது. எங்கம்மா தைச்சாங்க."

"உங்கம்மாவா? பட்டன் அறுந்தாலே தையல்கடைக்கு அனுப்புவாங்களே."

"வெர்னா, கொடுக்கிறேன்னு சொல்லிட்டே. ஞாயித்துக்கிழமை கொண்டு வா."

பெயரை எடுத்துக்கொண்டது போதாதென்று ஆம்ப்ரோஸ் அம்மாவின் தையலையுமா? "கொண்டு வர்றேன்" என்றாள் வெர்னா.

ஞாயிறு மதியம் அரங்கின் முன்கூடத்தில் ஊரே காப்பிக் கோப்பையும் பெரோகிக் கொழுக்கட்டைத் தட்டுமாக நின்றது. ரஸ் அந்தக் கடைசி ஆட்டத்தை முதலிலிருந்து ஆடிக்காட்டி, முழங்கைக்கு வந்து, அம்மாவுக்கு நன்றி சொன்னார். கைதட்டினார்கள். வெர்னா எழுந்து ஜெர்சியை மேஜையில் விரித்துப் போட்டாள். கோட்டுப் பையிலிருந்து தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்தாள்.

யாராவது ஜெர்சியில் நூல் பிசிறைப் பிடித்து இழுத்தாலே கையில் அடிப்பவள் அவள். அவளே முதல் தையலை அறுத்தாள். "ஏய், என்ன பண்றே?" என்றார் ரஸ். அவள் நிமிரவில்லை. நான்கு பக்கமும் பிரித்து, பட்டையை உரித்தெடுத்தாள். பிறகு ஜெர்சியை இரண்டு கையாலும் தூக்கி ஜன்னலுக்கு எதிரே பிடித்தாள்.

மார்ச் வெயில் ஊசித் துளைகளின் வழியே வந்தது. புள்ளி புள்ளியாகப் பத்து ஆங்கில எழுத்து.

அந்த அணியில் கோல் காத்த கிழவர் மட்டும், "பாலன்டைன்" என்று படித்தார். படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் அந்த பஸ்ஸில் போனவர்தான்.

"நாசம் பண்ணிட்டியே. இனி இதை எவனும் சீந்த மாட்டான்" என்றார் ரஸ்.

"தெரியும்." வெர்னா பட்டையை அவர் கையில் வைத்தாள். "இந்தா, உன்னோடது இவ்வளவுதான். இதை வேணா பெட்டில மாட்டிக்கோ."

ஜெர்சியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இனி இந்த ஊரில் பாதிப் பேர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். பேசாமல் போகட்டும், தபாலை மட்டும் வாங்கிக்கொண்டால் போதும்.

பாலம் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினாள். ஆம்ப்ரோஸ் ஜெர்சியை வாங்கி முதுகைத் திருப்பிப் பார்த்தான். பிறகு சட்டைக்கு மேலேயே அதைத் தலைவழியாக மாட்டினான். தொப்பையில் சிக்கியது, இழுத்துவிட்டுக்கொண்டான்.

"செவ்வாய்க்கிழமை எங்க கிழட்டுப் பயலுவ ஆட்டம் இருக்கு. போட்டுட்டு ஆடவா?"

வெர்னா அந்த முழங்கைத் தையலை ஒருமுறை பார்த்தாள். "ஆடு" என்றாள்.

"கிழிஞ்சா?"

"தைச்சுக்கலாம்."

"நல்லா வேர்க்குமே. துவைக்கணுமே."

"துவைச்சுப் பாரு," என்றாள் வெர்னா, "மறுநாள்லேருந்து உனக்குத் தபால் கிடையாது."