ஞாயிற்றுக்கிழமைச் சவரம்

ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்குச் சுடுதண்ணீர்ப் பாத்திரமும் சவரக் கத்தியுமாகக் குசினியிலிருந்து வந்த தயாளினி, விறாந்தைக் கதிரையில் இருந்த அப்பாவின் ஒரு வாரத்து நரைத் தாடியைப் பார்த்ததும் பாத்திரத்தை நிலத்தில் வைத்துவிட்டாள். இன்றைக்கு வழிப்பதில்லை என்று வெள்ளிக்கிழமையே முடிவெடுத்திருந்தாள். பழக்கத்தில் தண்ணீரைச் சுடவைத்துவிட்டாள். கைக்கு என்ன தெரியும்.

மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமையென்றால் அப்பா ஞானசேகரத்தார் மாப்பிள்ளைதான். ஆறு மணிக்குக் கனடாவிலிருந்து தம்பி சிவரூபனும் லண்டனிலிருந்து தங்கச்சி நிருஜாவும் ஒரே நேரத்தில் வீடியோவில் வருவார்கள். நாலு மணிக்கே இவள் தொடங்கிவிடுவாள். குளிப்பாட்டி, வழித்து, பவுடர் போட்டு, நீலச் சேட்டை ஸ்திரிக்கை போட்டு மினுக்கி மாட்டி, கண்ணாடியைத் துடைத்து மூக்கில் வைத்து, பம்பஸ் தெரியாமல் சாரத்தை இழுத்துவிட்டு இருத்துவாள். கால்மணித்தியாலக் கதைக்கு இரண்டு மணித்தியாலச் சோடனை.

மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். முப்பத்துநாலு வருடம் துறைமுகத்தில் வயர்லெஸ் ஒப்பரேட்டராக இருந்த மனுசன். புயலடித்தாலும் சரி, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சலென்றாலும் சரி, கப்பல்காரனுக்குப் பதில் சொல்லும்போது அந்தக் குரல் ஆடாது. போன் அடித்தால் இப்போதும் முதுகு தானாக நிமிரும். "நல்லா இருக்கிறன். சாப்பிட்டாச்சு. நீங்கள் சுகமோ? அங்க குளிரோ?" எல்லாம் மறந்துபோன தலைக்குள் இந்த நாலு வசனம் மட்டும் பழுதில்லாமல் கிடந்தது. அது போதும், பிள்ளைகள் இரண்டு பேரும் திருப்தியாகப் போனை வைத்துவிடுவார்கள்.

திங்கள் தொடக்கம் சனி வரை இருப்பவர் வேறு ஆள். சோற்றை உருட்டிச் சேட்டுப் பைக்குள் வைப்பார். எல்லாப் பைப்பையும் திறந்துவிடுவார். டியூட்டிக்கு நேரமாச்சு என்று படலைப் பூட்டைப் பிடித்து உலுப்புவார். அன்புவழிபுரத்தில் அந்த ஒழுங்கை முழுக்க அவருடைய டியூட்டி நேரம் மனப்பாடம். புதன்கிழமை உள்ளே கூட்டிக்கொண்டுவரப் போனபோது இவள் மணிக்கட்டை முறுக்கிப் பிடித்ததில் நாலு விரல் அடையாளமும் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. சாயந்தரமானால் அவளையே கூப்பிட்டு, "மிஸ், என்ட மகள் எப்ப வருவா?" என்று கேட்பார். ஆஸ்பத்திரித் தாதி மிஸ்ஸிடம் கேட்பதுபோல் மரியாதையாகத்தான் கேட்பார். அந்த மரியாதைதான் தாங்க ஏலாது.

அரசாங்க அலுவலகமான கச்சேரியில் அவள் எடுத்திருந்த சம்பளமில்லா லீவு இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னும் பன்னிரண்டு நாள். முதலாம் திகதி போய்க் கையெழுத்து வைக்காவிட்டால் இருபத்திரண்டு வருட வேலை போய்விடும். கலியாணம் செய்யாத நாற்பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அந்த வேலையை விட்டால் வேறென்ன இருக்கிறது? நிலாவெளி ரோட்டில் முதியோர் இல்லமொன்றில் ஒரு கட்டில் தருகிறோம் என்றார்கள். ஒரே நிபந்தனை, பிள்ளைகள் எல்லாருடைய சம்மதக் கடிதமும் வேண்டும். சிவரூபனிடம் மூன்று தரம் கேட்டாயிற்று.

"அப்பாவைப் பாத்தா அப்பிடித் தெரியேல்லையே அக்கா. எவ்வளவு வடிவாக் கதைக்கிறார். ஹோமில விட்டா சனம் என்ன கதைக்கும்?"

அப்படியென்றால் நீ வந்து ஒரு மாதம் நின்று பார் என்றதற்கு, வேலையில் விடமாட்டினம் என்றான். நிருஜா அவன் சொல்வதற்குத் தலையாட்டினாள். தயாளினிக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிண்ணியாவுக்குத் திரும்பும் வழியில் ரபீக்கா எட்டிப் பார்த்தாள். கச்சேரியில் பக்கத்து மேசைக்காரி. அப்பாவையும், இவள் மணிக்கட்டையும் பார்த்தாள்.

"நீங்கதான் அவர வெளிக்கிடுத்தி நல்லாக் காட்டுறீங்க. பொறகு ஆர் நம்புவாங்க? இந்த ஞாயிறு இருக்கிறபடியே காட்டுங்க."

முந்தி ஒருநாள், அப்பா காற்சட்டையைத் தலைவழியே போட முயன்றபோது தயாளினி போனில் வீடியோ எடுத்தவள்தான். அனுப்ப மனம் வரவில்லை. அழித்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஆனால் இது அப்படியில்லை. இது வெறுமனே ஒன்றும் செய்யாமல் இருப்பதுதானே.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. கறி பட்ட பனியன், வழிக்காத முகம், கலைந்த தலை. தயாளினி போனை அவருக்கு நேரே பிடித்தாள். அப்பா நிமிர்ந்தார்.

"நல்லா இருக்கிறன். சாப்பிட்டாச்சு. நீங்கள் சுகமோ?"

"அட, அப்பா தாடி விட்டிருக்கிறார்," நிருஜா சிரித்தாள். "வடிவா இருக்கு அப்பா. இப்ப இதுதானே ஸ்டைல்."

"எனக்கும் பாருங்கோ," என்று சிவரூபன் தன் தாடியைத் தடவிக் காட்டினான்.

மூன்று பேரும் சிரித்தார்கள். தயாளினி போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துத் தானும் தெரியும்படி குனிந்தாள்.

"அப்பா, நான் ஆர் எண்டு தம்பிக்குச் சொல்லுங்கோ."

அப்பா அவளைப் பார்த்தார். அந்தக் கண் அவள் முகத்தில் எதையோ தேடியது. அது கிடைக்கவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது. பிறகு அவர் போனைப் பார்த்துச் சிரித்தார்.

"இதென்ன கேள்வி. இவ இல்லாட்டி நான் எங்க?"

"பாத்தீங்களோ அக்கா," என்றான் சிவரூபன். "அந்த மனுசனைப் போய்ச் சோதிக்கிறீங்கள். அது கிடக்கட்டும், நீங்கள் எப்பிடி இருக்கிறீங்கள்?"

இதற்காகத்தான் அவள் மூன்று நாளாக வசனம் கட்டி வைத்திருந்தாள். ஏலாது தம்பி, இனி என்னால ஏலாது. அவ்வளவுதான், ஐந்து சொல். வாயைத் திறந்தாள். முதுகு நிமிர்ந்தது, கை முன்மயிரை ஒதுக்கியது.

"எனக்கென்ன, நல்லா இருக்கிறன்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் அவள் காதில் விழுந்தது. சிவரூபனின் முகம் ஏனோ திரைக்குக் கிட்ட வந்தது. முன்மயிரை ஒதுக்கிய கையில் சட்டைக் கை சரிந்து நீலம் பாய்ந்த மணிக்கட்டு வெளியே தெரிந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். கையைக் கீழே இறக்கினாள். சரி, பிறகு கதைப்பம் என்று நிருஜா சொல்ல, திரை இருண்டது.

அப்பாவின் தோள்கள் இறங்கின. "மிஸ், டியூட்டி முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அப்பா."

தண்ணீர் ஆறிப்போயிருந்தது. எடுத்துக்கொண்டுபோய் மறுபடி சுடவைப்போம் என்று குனிந்தபோது போன் அடித்தது. சிவரூபன், தனியாக. மூன்று வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை அவன் இரண்டாம் தரம் எடுத்ததேயில்லை. சத்தம் கேட்டதும் அப்பா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். தயாளினியின் கையும் தலைமயிருக்குப் போனது. காதடி வரைக்கும் போன கையை அவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

போனை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கிக் கிணற்றடிக்குப் போனாள். அது கையில் அடித்துக்கொண்டே இருந்தது. சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினாள்.

பின்னால் விறாந்தையில், எதிரே ஒருவரும் இல்லாமல், அப்பா பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஓம், ஓம். இங்க எல்லாம் சரி."