நூற்று எண்பத்தேழில் ஒன்று

"ஒண்ணு" என்று கூவி, வாக்குச்சீட்டைத் தலைக்குமேல் விரித்துக் காட்டினாள் பள்ளிக்கூட ஆசிரியை. சுவரில் ஒட்டிய தாளில் இன்னொருத்தர் கோடு போட்டார். மறுபடி "ஒண்ணு". ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களில் பாதிப்பேர் பூண்டு விலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். தைவானின் அந்தக் கடலோரக் கிராமத்தில் வட்டாரத் தலைவர் பதவிக்கு முப்பது வருஷமாக ஷு குடும்பத்துக்குத்தான் எல்லா ஓட்டும். முதலில் அப்பா, இப்போது மகன். வேறு யாருக்கும் ஒரு ஓட்டுகூட விழுந்ததில்லை. அதைச் சொல்லித்தான் ஊர்த்தலைவர் காவ் சாலையும் மதகும் வாங்கிவந்திருந்தார்.

துங்-லியாங் மட்டும் பேச்சில் சேராமல் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். காலையில் மறைப்புக்குள் போய் முத்திரையை எடுக்கும்வரை அவருக்கு அப்படி ஓர் எண்ணமே இல்லை. சீட்டில் சிரித்துக்கொண்டிருந்த ஷுவின் படத்தைப் பார்த்ததும், இரண்டு வருஷத்துக்கு முன் மனைவி இங்-தாவ் செத்தபோது சாவு வீட்டில் தொங்கவிட ஷு அனுப்பிவைத்த அஞ்சலித் துணி ஞாபகத்துக்கு வந்தது. அதில் அவள் பெயருக்குப் பதில் வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர் எழுதியிருந்தது. காவிடம் கொண்டுபோய்க் காட்டினார். "செத்தவ வந்து படிக்கவா போறா? பேரு தெரியாம மடிச்சுத் தொங்கவிடு" என்றார் காவ். அப்படியே மடித்துத்தான் தொங்கவிட்டார். இன்று முத்திரை ஷுவை எதிர்த்து நின்றவரின் இரண்டாம் எண்மேல் விழுந்துவிட்டது. வெளியே வந்து பாக்கு மென்றபோது உடம்பே லேசாகிவிட்டதுபோல இருந்தது. தன்னைப்போல நாலைந்து பேராவது குத்தியிருப்பார்கள் என்று நம்பினார்.

"ரெண்டு" என்றாள் ஆசிரியை.

ஜன்னலோரப் பேச்சு நின்றது. அவள் சீட்டைத் திருப்பி இன்னொரு தடவை பார்த்தாள். கடைசிவரை எண்ணியும் இன்னொரு "ரெண்டு" வரவில்லை. நூற்று எண்பத்தாறு, ஒன்று.

காவ் கோபப்படவில்லை. சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாக நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். துங்-லியாங்கின் மகன் சூ-காய் வட்டார அலுவலகத்தில் குப்பை வண்டி ஓட்டுகிறான். வருஷாவருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க காவ் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பார்வை தன்னிடம் வர இரண்டு ஆள் பாக்கி இருந்தபோது துங்-லியாங்குக்குத் தன் குரல் கேட்டது.

"எம் மருமகளுக்கு இதான் மொத ஓட்டு, தலைவரே. வியட்நாம்காரி. தெரியாம மாத்திக் குத்தியிருப்பா."

மருமகள் தூய், சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஏழு வருஷம் காத்திருந்து இந்த வருஷம்தான் தைவான் குடியுரிமை அட்டை கிடைத்திருந்தது. ஓட்டுப் போடவென்றே புதுச் சட்டை போட்டு வந்திருந்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் முதலில் சிரித்தாள். பிறகு புரிந்தது.

"நான் ஒண்ணுதான் குத்தினேன், மாமா. நீங்க சொன்னதுதான்."

"படம்கூடப் போட்டிருக்கே," என்றார் கூட்டத்தில் ஒருவர். "ஆம்பள மூஞ்சி எல்லாம் அவளுக்கு ஒண்ணுதான் போல."

சிரித்தார்கள். சூ-காய் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு அவளை அடித்தான். அவள் அதே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். துங்-லியாங் கொல்லைக் குழாயடியில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அதில் மண் போன பிறகும், உள்ளே சத்தம் நின்ற பிறகும் கழுவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காவே வீடு தேடி வந்தார். ஒப்பந்தத்துக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ஊர் மனசு ஆறவேண்டும் என்றார். புதன்கிழமை மத்தியானம் கோயில் வாசலில் வெற்றி விருந்து. தூய் மேசை மேசையாகப் போய்த் தேநீர் ஊற்றி, ஒரு வார்த்தை சொன்னால் போதும். "மன்னிப்பெல்லாம் வேணாம்ப்பா. எனக்குப் படிக்கத் தெரியல, தப்பாக் குத்திட்டேன்னு சொன்னாப் போதும். சின்னப் பொண்ணுதானே."

அவர் போன பிறகு துங்-லியாங் சமையலறைக்குப் போனார். சொல்லிவிடலாம் என்றுதான் போனார். தூய் மீன் செதிள் சீவிக்கொண்டிருந்தாள். இடது இமை வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியும், மாமா. மூணு வருஷம் வகுப்புக்குப் போனேன். சீட்டுல இருந்த ரெண்டு பேரையும் எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டுத்தான் குத்தினேன்."

அவர் வாசற்படியிலேயே நின்றார். வாய்வரை வந்தது. குப்பை வண்டியின் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு நாள்தானே," என்றார். "சொல்லிட்டு வந்துடு. உம் புருஷன் வேலைக்காக."

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள்.

விருந்தில் இருபது மேசைகள். முதல் மேசையில் அவள் அதை முணுமுணுத்தாள். காதில் விழவில்லை என்று சொல்லி காவ் மறுபடி சொல்லவைத்தார். ஷு எழுந்து அவள் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். இரண்டாம் மேசையில், 'படிக்க' என்ற சொல்லை அவள் சொன்ன விதத்தைப் பெண்கள் பேசிக் காட்டினார்கள். அதற்கடுத்த மேசைகளில் ஆளாளுக்குத் திருத்தினார்கள்: இங்கே இழுக்கணும், அங்கே இறக்கணும்.

ஒன்பதாவது மேசை துங்-லியாங்குடையது. அவள் கெண்டியைச் சாய்த்து அவர் கிண்ணத்தை நிரப்பினாள். மற்ற மேசைகளைப் பார்த்தது போலவேதான் அவரையும் பார்த்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியல. தப்பாக் குத்திட்டேன்."

இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கி, ஊதாமல் குடித்தார். நாக்கு பொத்துப்போனது.

"இப்ப நல்லாச் சொல்றா," என்றார் பக்கத்து நாற்காலிக்காரர், இறால் தோலை உரித்துக்கொண்டே. "நம்மூர்ப் பொண்ணு மாதிரியே."

அவள் பத்தாவது மேசைக்கு நகர்ந்தாள். பிறகு பதினொன்றுக்கு. தட்டுகளின் சத்தத்தையும் மீறி அந்த வாக்கியம் ஒரு பிசிறும் இல்லாமல், தெளிவாக, கேட்டுக்கொண்டிருந்தது.